ஓரத்து நீலம்

ஜனவரி 9

அன்புள்ள சுண்டுவுக்கு,

உன் அண்ணி எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்து மருந்துச் சீட்டு என்று நினைத்துவிடாதே. நான் கடைசியாகக் கடிதம் எழுதியது பள்ளிக்கூடத்தில், அதுவும் விடுமுறை கேட்டு.

இத்துடன் ஒரு மெமரி கார்டு இருக்கிறது. பஞ்சு சுற்றியிருக்கிறேன், பார்த்துப் பிரி. உன் அண்ணனுடைய கேமராவை வெளியே எடுத்துவிட்டேன். அவர் இறந்துபோன இந்த நாலு வருஷமாகப் பீரோவின் மேல்தட்டில், அவர் வைத்த பையிலேயே கிடந்தது. போன ஞாயிற்றுக்கிழமை போர்வையை இழுத்தபோது அதுவும் கூடவே வந்து என் தோளில் விழுந்தது. திட்டிக்கொண்டே திறந்தேன். பேட்டரியைச் சார்ஜில் போட்டேன். உயிர் வந்துவிட்டது. அப்புறம் அதை மறுபடி மேலே ஏற்ற மனசு வரவில்லை.

கண்ணாடிக் கடையில் மதியம் ஈ ஓட்டும் நேரம். லென்ஸ் தேய்க்கும் மேஜையில் உட்கார்ந்தபடியே முதலாளியையும் கண் பரிசோதனை செய்யும் அம்மாவையும் எடுத்தேன். இரண்டு பேரும் பச்சையாக இருக்கிறார்கள். முதலாளி இரண்டு நாள் தண்ணீரில் ஊறினவர் மாதிரி வந்திருக்கிறார். அவரிடம் காட்டியது என் தப்பு. "நான் நிஜமாவே இப்படித்தான் இருக்கேனாம்மா?" என்று கேட்டவர், சாயங்காலமே போய் ரத்தம் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

இதைச் சரிசெய்ய முடியுமா? நீ பதினைந்து வருஷமாக ஆல்பம் அச்சிடும் இடத்தில் கலர் திருத்துகிறவள். உன்னை விட்டால் யாரைக் கேட்பேன்?

போனிலேயே கேட்கலாம்தான். ஆனால் நாம் பேச ஆரம்பித்தால் மூன்றாவது நிமிஷம் உன் அண்ணன் பேச்சு வருகிறது, நாலாவது நிமிஷம் இரண்டு பேரும் அழுகிறோம், உன் வீட்டுக்காரர் போனை வாங்கி "அப்புறம் பேசலாம் அண்ணி" என்று வைத்துவிடுகிறார். கடிதத்தில் அழுதால் மை கலையும். அந்தப் பயத்திலாவது ஒழுங்காகப் பேசுவோம்.

இப்படிக்கு
தோள் வீங்கிய உன் அண்ணி


ஜனவரி 17

அன்புள்ள அண்ணிக்கு,

பஞ்சைப் பிரிக்கவே பத்து நிமிஷம் ஆயிற்று. வைரம் அனுப்புகிறவர்கள்கூட இவ்வளவு சுற்றமாட்டார்கள்.

உங்கள் முதல் படத்தின் எண் 4112. அப்படியென்றால் அண்ணன் 4111ல் நிறுத்தியிருக்கிறான். அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். கல்யாணம் கல்யாணமாக அவன் எடுத்துக்கொண்டு வருவான், நான் கலர் பார்ப்பேன். அவன் போன பிறகு எத்தனையோ பேருடைய படங்களைத் திருத்திவிட்டேன். இந்தக் கேமராவின் படம் என்றால் அது வேறுதான். அழவில்லை, மை பாருங்கள், கலையவில்லை.

முதலாளிக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுங்கள். வியாதி டியூப்லைட்டுக்குத்தான். அந்த வெளிச்சமே பச்சை. நம் கண் தாட்சண்யம் பார்த்து அதை வெள்ளை என்று ஒத்துக்கொள்ளும். கேமராவுக்குத் தாட்சண்யம் கிடையாது. எடுப்பதற்கு முன்னால் ஒரு வெள்ளைத்தாளைக் காட்டி, இதுதான் வெள்ளை என்று அதற்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். எங்கே அமுக்குவது என்று தனித்தாளில் எழுதியிருக்கிறேன். கம்ப்யூட்டரில் திருத்துவது எப்படி என்பதும் அதிலேயே இருக்கிறது. இந்தத் தடவை நானே திருத்திவிட்டேன். முதலாளி இப்போது மாப்பிள்ளை மாதிரி இருக்கிறார்.

நான் வேலை செய்யும் அறையை நீங்கள் பார்த்ததில்லை. சுவர், மேஜை, நான் போட்டுக்கொள்ளும் கோட்டு எல்லாமே சாம்பல் நிறம். பக்கத்தில் வேறு கலர் இருந்தால் திரையில் தெரிவது கண்ணை ஏமாற்றிவிடும். இவர் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "உன் ரூமும் என் லிஃப்டும் ஒண்ணுதான், ரெண்டுலயும் ஜன்னல் கிடையாது" என்றார். லிஃப்ட் மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டால் ஏறினது இறங்கினது தவிர வீட்டில் வேறு பேச்சில்லை.

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். ஒரு தடவைக்கு ஒரே ஒரு கலர். அதைத் தவிர எதையும் எடுக்கக்கூடாது. முதலில் மஞ்சள். திருத்தும்போது கலரை ஏற்றும் ஸ்லைடரைக் கண்டபடி இழுக்காதீர்கள். எல்லாருடைய கையும் முதலில் அங்கேதான் போகும்.

அன்புடன்
சுண்டு


பிப்ரவரி 2

அன்புள்ள சுண்டுவுக்கு,

மஞ்சள் என்றால் சுலபம் என்று நினைத்தேன். தேடும்போது ஊரே அதை ஒளித்துவைத்த மாதிரி ஆகிவிட்டது. மஞ்சள் மழைக்கோட்டு போட்ட ஓர் அம்மாவின் பின்னால் இரண்டு தெரு நடந்தேன். அவர் திரும்பி, "என்ன வேணும் உங்களுக்கு?" என்றார். "உங்க மஞ்சள்தான் வேணும்" என்றேன். விறுவிறுவென்று போய்விட்டார். அந்தப் படத்தில் முதுகு மட்டும்தான் இருக்கிறது.

நீ சொன்னதைக் கேட்காமல் ஸ்லைடரை இழுத்தேன். வாழைப்பழம் பல்பு மாதிரி எரிந்தது. கையை எடுத்துவிட்டேன்.

நிழலில் எடுத்த மஞ்சள் ஏன் மஞ்சளாகவே இல்லை? வெளிச்சம் குறைந்தால் சிவப்பு கருஞ்சிவப்பாகிறது, அதுவும் சிவப்புதான். மஞ்சள் இருண்டால் பாசிப் பச்சையாகிவிடுகிறது. இதை நானே கண்டுபிடித்தேன், யாரும் சொல்லித்தரவில்லை. பெருமையாக இருந்தது.

கடைக்கு எதிரே கார்களுக்குப் பெயின்ட் கலக்கும் கடை இருக்கிறது. அங்கே போய், மஞ்சள் பெயின்ட்டைப் படம் எடுக்கலாமா என்று கேட்டேன். கலக்குகிறவர், "எந்த மஞ்சள்?" என்றார். மஞ்சள்தான் என்றேன். ஒரு புத்தகத்தை எடுத்துப் போட்டார். நூற்றுப் பன்னிரண்டு மஞ்சள் இருக்கிறது சுண்டு. எல்லாரும் அவரை ஷேடு என்றுதான் கூப்பிடுகிறார்கள். கதவில் கீறல் விழுந்த காரைக் கொண்டுவந்தால், பழைய பெயின்ட்டுக்கும் புதியதற்கும் வித்தியாசம் தெரியாதபடி கலக்க வேண்டும். வெயிலில் வெளியே போய்ப் பார்ப்பதும் உள்ளே வந்து இன்னொரு சொட்டு விடுவதுமாக அரைநாள் அதற்கே சரியாகிறது. டப்பா மூடிகளை வரிசையாக வைத்து எனக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தார். நாற்பது படம் எடுத்தேன். எல்லாம் கார்டில் இருக்கிறது.

உன் அண்ணி


பிப்ரவரி 11

அன்புள்ள அண்ணிக்கு,

மழைக்கோட்டுப் படத்தை எங்கள் மெஷின் ஓட்டுகிறவரிடம் காட்டினேன். "யாரு எடுத்தது?" என்றார். "கண்ணாடிக் கடையில லென்ஸ் தேய்க்கிறவங்க" என்றேன். நம்பவில்லை. சாம்பல் தெரு, ஈரம், நடுவில் ஒரே மஞ்சள். நான் எதையும் தொடவில்லை. வானத்தின் வெளிச்சத்தை மட்டும் ஒரு துளி குறைத்தேன்.

டப்பா மூடிகளில் 31ஆம் படம்தான் நன்றாக இருக்கிறது. அதில் வலது ஓரத்தில் யாருடைய சட்டைக் கையோ நீலமாகத் தெரிந்தது. மஞ்சள் வேலையில் நீலத்துக்கு என்ன வேலை? வெட்டிவிட்டேன். 33லும் 36லும் அதே நீலம் வந்தது, அங்கேயும் வெட்டியாயிற்று. எடுக்கும்போது ஓரங்களைக் கவனியுங்கள் அண்ணி. எல்லாரும் நடுவைப் பார்த்துவிட்டு ஓரத்தில் ஏமாந்துபோகிறார்கள்.

அடுத்தது சிவப்பு. எச்சரிக்கை, சிவப்பு ரொம்பப் பொல்லாதது.

அன்புடன்
சுண்டு


பிப்ரவரி 27

அன்புள்ள சுண்டுவுக்கு,

பொல்லாததுதான். நல்ல வெயிலில் ஒரு சிவப்பு ரோஜாவை எடுத்தேன். இதழ் மடிப்பு ஒன்றும் தெரியாமல், யாரோ சிவப்புச் சாந்தை அப்பின மாதிரி வந்தது. ஷேடுவிடம் காட்டினேன். "சிவப்பை நான் உச்சி வெயில்ல பார்க்கவே மாட்டேன். மேகம் வரட்டும்னு வெளியில ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பேன்" என்றார். நானும் உட்கார்ந்தேன். மேகம் வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதற்குள் இரண்டு டீ. மேகம் வந்ததும் வெளிச்சத்தையும் கொஞ்சம் குறைத்து எடுத்தேன், மடிப்பு மடிப்பாக வந்துவிட்டது. பார், 4290.

நீ வெட்டி அனுப்பிய 31ஐப் பற்றி ஒன்று சொல்லட்டுமா? கோபித்துக்கொள்ளாதே. வெட்டின பிறகு அந்த மஞ்சள் செத்துப்போய்விட்டது. முன்னால் பளிச்சென்று இருந்ததே, ஏன் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நீலம் இருந்ததால்தான் மஞ்சளுக்கு எடுப்பு. அது தப்பி உள்ளே வந்த கையும் இல்லை. அதையும் சேர்த்துத்தான் எடுத்தேன். நீ தொழில் தெரிந்தவள், உனக்குத் தெரியாததா? இருந்தாலும் சொல்ல வேண்டும் போல் இருந்தது.

இந்தத் தடவை ஷேடு நிறையப் படங்களில் இருப்பார். சிவப்புக் கார்க் கதவுக்குப் பக்கத்தில் நிற்கிறார், கையெல்லாம் சிவப்பு. தினமும் அதே நீலச் சட்டைதான், அவர்களுக்குக் கடையில் கொடுத்த சட்டை. என் படம்கூட ஒன்று இருக்கிறது. ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோது கேமராவை வாங்கி அவர்தான் எடுத்தார்.

உன் வீட்டுக்காரர் ஏறி இறங்கி நலமாக இருக்கிறாரா?

உன் அண்ணி


மார்ச் 6

அண்ணிக்கு,

கார்டு கிடைத்தது. வேலை அதிகம், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

ரோஜா நன்றாக இருக்கிறது. கார்க் கதவுப் படங்களில் சிவப்பும் நீலமும் ஒன்றோடொன்று சண்டை போட்டன. அவற்றைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிவிட்டேன். அதுதான் அந்தப் படங்களுக்குப் பொருந்துகிறது. எல்லாவற்றுக்கும் கலர் தேவையில்லை.

ஒரு படம் மட்டும் திறக்க வரவில்லை. கெட்டுப்போயிருந்தது. சில சமயம் அப்படி ஆகும்.

அண்ணன் அந்தக் கேமராவை வேறு யார் கையிலும் கொடுக்கமாட்டான், ஞாபகம் இருக்கிறதா? பழைய பொருள். பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

சுண்டு


மார்ச் 14

அன்புள்ள சுண்டுவுக்கு,

சிவப்பு பழகச் சொல்லி அனுப்பினாய். அதைக் கறுப்பு வெள்ளையாகத் திருப்பி அனுப்புகிறாய். சிரிப்பும் வந்தது, கொஞ்சம் வலித்தது.

கெட்டுப்போன படம் எது என்று எண்ணிப் பார்த்தேன். 4303. ஷேடு எடுத்த என் படம்.

நான் சண்டைக்கு வரவில்லை. நீ கண்டுபிடித்துவிட்டாய் என்று தெரிந்துகொண்டேன், அவ்வளவுதான். நூறு பேர் முகத்தைப் பார்த்து, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்கிறவள் நீ. உன்னிடம் மறைக்க முடியும் என்று நினைத்தது என் அசட்டுத்தனம். மறைக்கவும் நினைக்கவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியாமல் படமாக அனுப்பிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. இப்போது வார்த்தையில் சொல்கிறேன்.

போன வாரம் அவர் ஒரு டப்பாவைக் கலக்கிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், "எனக்குச் சுத்தி வளைச்சுப் பேச வராது. நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்றார். நான் கேமராவைக் கீழே வைத்தேன். "யோசிச்சு சொல்லுங்க. இல்லன்னு சொன்னாலும் நீங்க எப்பவும் போல வந்து படம் எடுக்கலாம், அதுக்கு ஒண்ணும் தடை இல்ல" என்றார். அதற்குள் கலக்கிக்கொண்டிருந்த சாம்பல் நிறம் கெட்டுப்போய், திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தார்.

அவருக்கு ஐம்பது. முதல் மனைவியோடு பேசி, விவாகரத்து வாங்கிப் பிரிந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அந்த அம்மா வேறு ஊரில் நன்றாக இருக்கிறார், இந்தப் பக்கம் வந்தால் இவரைப் பார்த்துவிட்டுத்தான் போவார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். உன் அண்ணனைப் பற்றி நானும் எல்லாம் சொல்லியிருக்கிறேன். அவர் கேட்டுக்கொண்டே இருப்பார். பேச்சை மாற்றமாட்டார்.

எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. சரி என்று சொல்லத்தான் போகிறேன். உன்னிடம் அனுமதி கேட்கவில்லை சுண்டு, எனக்கு நாற்பத்தி நாலு வயசு. ஆனால் அவரிடம் சொல்வதற்கு முன்னால் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் நான் நுழைந்தபோது நீ பாவாடை சட்டையோடு வந்து, "நான் உங்களை அண்ணின்னு கூப்பிடமாட்டேன், பழகின பிறகு பார்க்கலாம்" என்றாய். இரண்டு நாளில் என் தலையணையில் படுத்துத் தூங்கினாய். உன் அண்ணன் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனதில் பெரியது நீதான். அதை இழந்துவிட்டு எனக்கு ஒன்றும் வேண்டியதில்லை. அதனால் நீ எத்தனை நாள் எடுத்துக்கொண்டாலும் சரி, காத்திருக்கிறேன்.

இந்தத் தடவை கார்டு அனுப்பவில்லை.

உன் அண்ணி


ஏப்ரல் 12

அன்புள்ள அண்ணிக்கு,

நாலு வாரம் உங்களைக் காக்க வைத்துவிட்டேன். முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொள்கிறேன். 4303 கெட்டுப்போகவில்லை. என் கம்ப்யூட்டரில் போட்டு வைத்துக்கொண்டு, உங்கள் கார்டிலிருந்து அழித்துவிட்டேன். மஞ்சளுக்கு நீலம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் வெட்டினேன். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர், இவரை எடுத்துவிடுங்கள், அவரை மறைத்துவிடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். மனசுக்குள் அவர்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். கடைசியில் நானும் அதைத்தான் செய்தேன், யாரும் கேட்காமலே.

உங்கள் மேல் கோபம் இல்லை. பயம் அண்ணி. அண்ணனைப் பற்றிப் பேச எனக்கு மிச்சமிருக்கிற ஆள் நீங்கள் ஒருத்தர்தான். நீங்களும் வேறு வீட்டுக்குப் போய்விட்டால், அவன் சாப்பிடும்போது பாடுவானே, அதை நான் யாரிடம் சொல்லிச் சிரிப்பது? அந்தக் கடிதத்தை ஒளித்து வைத்துக்கொண்டு எடுத்து எடுத்துப் படித்தேன். இவர் என்னவென்று கேட்கவில்லை. லிஃப்ட் நடுவில் நின்றால் உள்ளே இருப்பவர்களை அவசரப்படுத்தக்கூடாதாம்.

போன வாரம் இங்கே ஒன்று நடந்தது. அச்சு மெஷினைக் கழற்றிச் சுத்தம் செய்து மறுபடி மாட்டினார்கள். மாட்டினதும் ஒரு படத்தை அடித்துக் கலர் சரியாக வருகிறதா என்று பார்ப்பது வழக்கம். நான் அன்று விடுப்பு. மெஷின் ஓட்டுகிறவர் என் கம்ப்யூட்டரில் தேடி, அவர் கண்ணுக்குச் சரியாகப்பட்ட ஒரு படத்தை எடுத்து, பெரிதாக அடித்து, மெஷின் மேலேயே ஒட்டிவிட்டார். மறுநாள் காலையில் உள்ளே போகிறேன், நீங்கள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். 4303.

"இது எதுக்கு இங்க?" என்று கேட்டேன். குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது.

"ஸ்கின் டோன் இதுலதான் சரியா இருக்கு மேடம். நீங்க திருத்தி வெச்சதுதானே?" என்றார்.

"நான் அதைத் தொடவே இல்ல."

"அப்ப தொடாதீங்க. இவங்க யாரு, உங்க வீட்டு ஆளா?"

"எங்க அண்ணி" என்றேன்.

கழற்றச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு வாரம் அது அங்கேயே இருந்தது. எல்லாருடைய கல்யாணப் படத்தையும் உங்கள் முகத்தோடு ஒத்துப் பார்த்துத்தான் அனுப்பினோம். நாலு வருஷத்தில் வந்த உங்கள் படங்களைத் தேடிப் பார்த்தேன். நான்தான் அதில் எத்தனையோ திருத்தியிருக்கிறேன். கண்ணுக்குக் கீழே கருவளையத்தை எடுப்பேன், கன்னத்தில் கொஞ்சம் சிவப்பு ஏற்றுவேன். இதில் ஒன்றுமே செய்ய வேண்டியிருக்கவில்லை. எடுத்தவர் உங்களை எப்படிப் பார்க்கிறார் என்று அந்தப் படத்திலேயே தெரிகிறது. இது என் தொழில் சொல்வது. மனசு சொல்லக் கொஞ்சம் நாள் ஆயிற்று.

அவரிடம் சரி என்று சொல்லிவிட்டீர்களா? சொல்லியிருக்காவிட்டால் இன்றைக்கே எதிரே போய்ச் சொல்லுங்கள். பதிவாளர் அலுவலகத்தில் எந்த நாள் என்று எழுதுங்கள், இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறேன். சாட்சிக் கையெழுத்து நான் போடுகிறேன். படமும் நான்தான் எடுப்பேன். அதை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

அன்புடன்
உங்கள் சுண்டு


மே 6

அன்புள்ள சுண்டுவுக்கு,

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாய் என்று உன் வீட்டுக்காரர் சொன்னார். போன் வைக்கும்போது, "அண்ணி, இனிமே உங்க வாழ்க்கை ஏறுமுகம்தான்" என்றார். அவர் வாயில் வேறென்ன வரும்.

நீ விட்டுவிட்டுப் போன கார்டை நேற்று உட்கார்ந்து பார்த்தேன். நூற்று அறுபது படம். நீ கலர் திருத்துவதில் கெட்டிக்காரி, அதில் சந்தேகமில்லை. ஆனால் எடுப்பது உனக்கு வராது சுண்டு, இதை உன் அண்ணி சொல்லாமல் யார் சொல்வார்கள். பாதிப் படங்களில் பதிவாளரின் பின்னால் இருந்த சுவர்க் கடிகாரம்தான் தெளிவாக இருக்கிறது. ஒன்றில் எங்கள் இரண்டு பேருக்கும் தலை இல்லை, செருப்பு நன்றாக விழுந்திருக்கிறது. பதிவாளர் "சீக்கிரம் எடுங்கம்மா, அடுத்தவங்க காத்திருக்காங்க" என்றதும் நீ திரையைப் பார்க்காமலே அமுக்கிக்கொண்டே போனாய். அது அவர் அவசரப்படுத்தினதால் இல்லை என்று எனக்குத் தெரியும். நான் கவனிக்காத மாதிரி நின்றேன்.

எதையும் அழிக்கவில்லை. வெட்டவும் இல்லை. சுவரில் அடித்திருந்த வெளிர் பச்சை எங்கள் முகத்தில் லேசாக ஏறியிருந்தது, அதை மட்டும் எடுத்தேன். நாற்பது படம் நன்றாகவே இருக்கிறது, தனியாக வைத்திருக்கிறேன். நீ கையெழுத்துப் போடும்போது அவர் எடுத்த படம் ஒன்று இருக்கிறது. நாக்கைக் கடித்துக்கொண்டு, பரீட்சை எழுதுகிற மாதிரி உட்கார்ந்திருக்கிறாய். கார்டில் எல்லாமே அனுப்புகிறேன். எதை அச்சிடுவது என்று நீ முடிவு செய்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வந்த இரண்டு நாளும் நீ அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. "இங்க பாருங்க" என்றாய், "டீ ஆறுது" என்று பொதுவாகச் சொன்னாய். ஒருதடவை இருமினாய்கூட. அவர் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. "பாவம், என்னன்னுதான் கூப்பிடும்" என்று என்னிடம் சொன்னார்.

பஸ் ஸ்டாண்டில் கூட்டம். நீ படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு டிக்கெட்டைத் தேடினாய், பஸ் உறுமிக்கொண்டிருந்தது. அப்போது திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி, "அண்ணா, அந்தப் பையைக் குடுங்க" என்றாய். பையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாய். ஜன்னலில் கையாட்டினாய். நீ கவனித்திருக்கமாட்டாய்.

அவர் கவனித்தார். பஸ் போய், அந்த இடத்தில் வேறு பஸ் வந்து நின்ற பிறகும், பையைக் கொடுத்த கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் போனை எடுத்து என் கையில் கொடுத்தார். "உன் நாத்தனார் ஊருக்குப் போய்ச் சேர்ந்துட்டாளான்னு கேளு" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த மாதம் உன் வீட்டுக்காரரையும் அழைத்துக்கொண்டு வா. உங்கள் இரண்டு பேருக்கும் ஓர் அறையைக் காலி செய்து வைத்திருக்கிறோம். அதற்கு என்ன கலர் அடிப்பது என்று எங்களுக்குள் இன்னும் முடிவாகவில்லை, நீ வந்து சொல்.

உன் அண்ணி